நெல்மணிக் கணக்கு: 2இன் 64ஆம் வலுவில் ஒன்று குறைய

கேள்வி, மாங்குளத்து வாசகர் ஒருவர், 9 பெப்ரவரி 2024

அரசனிடம் ஒருவன் பரிசாக நெல் கேட்ட சதுரங்கப் பலகைக் கதை எல்லாருக்கும் தெரியும்தானே. முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, பிறகு நாலு, எட்டு என்று 64 கட்டமும் வைக்க வேண்டும். மொத்தம் 2இன் 64ஆம் வலுவில், அதாவது 64 இரண்டுகளைப் பெருக்கி வருவதில், ஒன்று குறைய. மகளுக்காக அந்த வலுவை எக்செலில் போட்டுப் பார்த்தேன். 18446744073709600000 என்று வருகிறது. ஒன்றைக் கழித்தாலும் அதேதான். அப்படியென்றால் இந்த எண் ஒரு இலட்சத்தால் மீதியில்லாமல் வகுபட வேண்டும். ரியூசன் சேர் இது ஒற்றை எண் என்று அடித்துச் சொல்கிறாராம். யார் சரி?

9 பெப்ரவரி, இரவு

சேர்தான் சரி. எக்செல் 15 இலக்கம் வரைக்கும்தான் பொறுப்பு எடுக்கும். அதற்கு மேல் வருவதையெல்லாம் பூச்சியம் போட்டு மூடிவிடும். அந்த ஐந்து பூச்சியத்தில் ஒன்றுகூட உண்மை இல்லை. போனில் சில கல்குலேற்றர்கள் 18446744073709552000 என்று காட்டும், அதுவும் பொய்தான், கொஞ்சம் சின்னப் பொய்.

இதைப் பிடிக்க இயந்திரம் தேவையில்லை. ஒரு எண் பூச்சியத்தில் முடிய வேண்டுமானால் அதற்குள் 5 இருக்க வேண்டும். இரண்டை இரண்டால் எத்தனை தரம் பெருக்கினாலும் ஐந்து எங்கிருந்து வரும்? கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று சுற்றிச் சுற்றி வரும். 64 நாலால் வகுபடுவதால் 6இல் நிற்கும். ஒன்றைக் கழித்தால் 5.

முழு எண் இது: 18446744073709551615. இருபது இலக்கம்.

9 பெப்ரவரி, இன்னும் இரவுதான்

வாசிப்பது எப்படி என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார். வலப்பக்கமிருந்து ஏழேழு இலக்கமாக வெட்டுங்கள்: 184467, 4407370, 9551615. ஒரு இலட்சத்து எண்பத்து நாலாயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடி, நாற்பத்து நாலு இலட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடி, தொண்ணூற்று ஐந்து இலட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. மூச்சு வாங்கினால் நான் பொறுப்பில்லை.

10 பெப்ரவரி

"கையால் செய்ய ஏலாத கணக்கு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஏலும். தொண்ணூறுகளில், யுத்த காலத்தில், வன்னிக்குள் பற்றரி வராது, தடைப் பட்டியலில் இருந்தது. கல்குலேற்றர் இருந்தாலும் அது வெறும் பிளாஸ்ரிக்தான். ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் பெருக்கிப் படித்த ஆட்கள் நாங்கள். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, கண்தான் கெட்டது. ஆனால் கைக்கணக்குப் பழகிவிட்டது.

அறுபத்து நாலு தரம் இரட்டிப்பாக்கத் தேவையில்லை. வர்க்கம் எடுத்துக்கொண்டு போனால் ஆறே படி. 2, 4, 16, 256, 65536, 4294967296. அடுத்த வர்க்கம்தான் நமக்கு வேண்டியது. 4294967296ஐ 42949 என்றும் 67296 என்றும் இரண்டாக வெட்டுங்கள்.

42949இன் வர்க்கம் 1844616601. பின்னால் பத்துப் பூச்சியம்.
இரண்டையும் பெருக்கி இரட்டித்தால் 5780591808. பின்னால் ஐந்து பூச்சியம்.
67296இன் வர்க்கம் 4528751616.

மூன்றையும் ஒன்றின் கீழ் ஒன்று எழுதிக் கூட்டினால் 18446744073709551616 வருகிறது. ஒன்று குறைத்தால் முடிந்தது. கொப்பியில் அரைப் பக்கம் போதும்.

கூட்டுத்தொகை ஏன் "ஒன்று குறைய" என்று மகள் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். முதல் கட்டத்தில் ஒரு நெல்லைக் கூடுதலாகப் போடு. இப்போது அங்கே 2. இரண்டாம் கட்டத்தின் 2ஓடு சேர்த்தால் 4. மூன்றாம் கட்டத்தின் 4ஓடு சேர்த்தால் 8. இப்படியே கடைசி வரை போனால் சரியாக 2இன் 64ஆம் வலு. கூடுதலாகப் போட்டதைத் திருப்பி எடுத்துவிடு. பெருக்கல் விருத்திச் சூத்திரம் பிறகு படிக்கலாம்.

11 பெப்ரவரி

கூட்டிய விடை சரியா என்று பார்க்க ஒரு வழி. மூன்று மூன்று இலக்கமாக வெட்டி, வலமிருந்து மாறி மாறிக் கூட்டிக் கழியுங்கள். 615 − 551 + 709 − 073 + 744 − 446 + 018 = 1016. 1001 என்பது 7 × 11 × 13. அதனால் 1016இலிருந்து 1001 போக மீதி 15. ஆகவே இந்த எண்ணை 7ஆல் வகுத்தால் மீதி 1, 11ஆல் வகுத்தால் 4, 13ஆல் வகுத்தால் 2.

இதை வலுவிலிருந்தும் சரிபார்க்கலாம். 2இன் மூன்றாம் வலு 8, அது 7ஆல் மீதி 1 தரும். 64இல் 63 போக ஒன்று மிச்சம், ஆகவே மீதி 2, ஒன்று குறைய 1. பொருந்துகிறது. 11க்கும் 13க்கும் நீங்களே செய்து பாருங்கள்.

இலக்கங்களின் கூட்டு 87. மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடாது.

12 பெப்ரவரி

வவுனியாத் தம்பி ஒருவர்: "2இன் வலுவில் ஒன்று குறைந்தால் அது மெர்சென் முதன்மை எண் அல்லவா?" இல்லைத் தம்பி. 5இல் முடிகிற இருபது இலக்க எண் எப்படி முதன்மை எண் ஆகும்? வலு முதன்மை எண்ணாக இருந்தால்தான் அந்தப் பேச்சுக்கே இடம். அப்போதும் உத்தரவாதம் கிடையாது. 11 முதன்மை எண், ஆனால் 2இன் 11ஆம் வலுவில் ஒன்று குறைய 2047, அது 23 × 89.

64 முதன்மை எண்ணுக்கு நேர் எதிர்க்கரை. பாதி பாதியாகப் பிளந்துகொண்டே போகும். ஒரு வர்க்கத்தில் ஒன்று குறைந்தால், மூலத்தோடு ஒன்று கூட்டியதையும் மூலத்தில் ஒன்று குறைத்ததையும் பெருக்கியது. ஒன்பதாம் வகுப்புப் பாடம். அதையே திருப்பித் திருப்பிச் செய்தால்:

4294967297 × 65537 × 257 × 17 × 5 × 3

அவ்வளவுதான். இருபது இலக்கப் பூதம் ஆறு துண்டாகிவிட்டது, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இந்த ஆறும் பிரெஞ்சுக் கணித அறிஞர் பெர்மாவின் பெயரால் பெர்மா எண்கள் எனப்படுபவை. 2இன் வலு, அந்த வலுவும் 2இன் வலு, கூட்டல் ஒன்று.

12 பெப்ரவரி, பின்னேரம்

துண்டுகளுக்குள் பொதுக் காரணி இருக்காதா என்று கேட்டவருக்கு. இருக்காது. பெரிய துண்டைத் தவிர மற்ற ஐந்தையும் பெருக்கிப் பாருங்கள், 4294967295. பெரிய துண்டு 4294967297. இடைவெளி 2. இரண்டையும் ஒரு எண் வகுத்தால் அது 2ஐயும் வகுக்க வேண்டும். இரண்டுமே ஒற்றை எண்கள், ஆகவே அது 1தான். ஒவ்வொரு பெர்மா எண்ணுக்கும் அதற்கு முன்னால் உள்ளவற்றின் பெருக்கத்துக்கும் இதே இரண்டு வித்தியாசம்தான். 1730இல் கோல்ட்பாக் என்ற கணித அறிஞர் இன்னொரு கணித அறிஞரான ஒய்லருக்கு எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது. இதிலிருந்தே முதன்மை எண்களுக்கு முடிவில்லை என்றும் சொல்லிவிடலாம், ஏனென்றால் ஒவ்வொரு பெர்மா எண்ணும் தன் பங்குக்குப் புதிய முதன்மைக் காரணி ஒன்றைக் கொண்டுவருகிறது.

15 பெப்ரவரி

இப்போது சுவையான இடம். 3, 5, 17, 257, 65537 ஐந்தும் முதன்மை எண்கள். இதைப் பார்த்துத்தான் பெர்மா 1640இல் இப்படி வருகிற எல்லாமே முதன்மை எண் என்று நம்பினார். அடுத்ததே, அதாவது நம்முடைய 4294967297, அவர் காலை வாரியது. 1732இல் ஒய்லர் அதை 641 வகுக்கும் என்று காட்டினார்.

641ஐ எப்படிப் பிடிப்பது? ஒவ்வொரு முதன்மை எண்ணாக வகுத்துக்கொண்டு போகலாம், ஆனால் அது கூலிக்காரன் வேலை. இப்படி யோசியுங்கள். ஒரு முதன்மை எண் அதை வகுக்கிறது என்று வையுங்கள். அப்படியென்றால் அந்த எண்ணால் வகுக்கும்போது மீதிக் கணக்கில் 2இன் 32ஆம் வலு −1க்குச் சமம் (வகுபட ஒன்று குறைகிறது), 64ஆம் வலு 1க்குச் சமம். 2இன் வலுக்கள் சரியாக 64 படியில் ஒரு சுற்று முடிக்கின்றன. பெர்மாவின் சிறு தேற்றப்படி, வலு அந்த முதன்மை எண்ணில் ஒன்று குறைவாக இருக்கும்போதும் மீதி 1தான், அதாவது அங்கேயும் ஒரு சுற்று முடிகிறது. அதனால் அந்த முதன்மை எண்ணில் ஒன்று குறைந்தால் 64ஆல் வகுபட வேண்டும். ஆகவே 64இன் மடங்கோடு ஒன்று கூட்டி வருகிற எண்களை மட்டும் பார்த்தால் போதும்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இதில் முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது தரம் மாட்டிவிடும்.

பெர்மாவிடமே அந்தச் சிறு தேற்றம் இருந்தது. அவரே செய்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்பது எனக்கு இன்றும் விளங்காத விசயம். தன் கையில் இருந்த கத்தியை அவர் எடுத்துப் பார்க்கவில்லை.

15 பெப்ரவரி, சற்றுப் பிறகு

இன்னும் குறைக்கலாம். அந்த முதன்மை எண்ணை 8ஆல் வகுத்தால் மீதி 1. அப்படியான எண்ணால் வகுத்த மீதிகளின் உலகத்தில் 2க்கு வர்க்கமூலம் உண்டு, அதாவது வர்க்கித்தால் மீதி 2 தருகிற எண் ஒன்று. 2 ஒரு சுற்றுக்கு 64 படி எடுத்தால் அதன் மூலம் 128 படி எடுக்கும். ஆகவே 64 அல்ல, 128இன் மடங்கோடு ஒன்று. இதைச் சொன்னவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் எட்வார்ட் லூக்கா, 1878இல். இப்போது பட்டியல்: 129, 257, 385, 513, 641. முதன்மை எண்கள் 257உம் 641உம் மட்டும். 257 ஏற்கனவே வேறு துண்டாக வந்துவிட்டது, பொதுக் காரணி கிடையாது என்று மேலே பார்த்தோம். ஆகவே சோதிக்க வேண்டிய முதல் எண்ணே 641.

16 பெப்ரவரி

வகுத்துப் பார்க்காமலே 641 வகுக்கும் என்று காட்டலாம். எனக்கு மிகப் பிடித்த மூன்று வரி இது.

641 = 5 × 128 + 1. ஆகவே 641ஆல் வகுத்த மீதியாகப் பார்த்தால் 5 × 2இன் ஏழாம் வலு என்பது −1. நாலாம் வலு எடுத்தால் 625 × 2இன் 28ஆம் வலு = 1.
641 = 625 + 16. ஆகவே 625 என்பது −16, அதாவது −(2இன் நாலாம் வலு).
மாற்றிப் போடுங்கள். −(2இன் 32ஆம் வலு) = 1. எனவே 2இன் 32ஆம் வலு, கூட்டல் ஒன்று, பூச்சியம்.

உயர்தரம் படிக்கிற பிள்ளைக்கு இதை எழுதிக் காட்டினேன். "இது சோதினைக்கு வருமா?" என்று கேட்டது. வராது பிள்ளை, போய்ப் படி.

16 பெப்ரவரி, இரவு

மல்லாவி அண்ணை விடாப்பிடியாக நிற்கிறார்: "4294967297ஐ 641ஆல் வகுத்தால் 6700417. அது முதன்மை எண் என்று யார் கண்டது? ஏழு இலக்கம். நீர் நெற்றில் பார்த்துவிட்டுச் சொல்கிறீர்."

நியாயமான சந்தேகம். நெற்றைத் தள்ளி வையுங்கள். 6700417இன் வர்க்கமூலம் 2588ஐ ஒட்டி வரும். அதுவரைக்கும் உள்ள முதன்மை எண்கள் நூற்றுக்கணக்கில். ஆனால் நமக்கு 128இன் மடங்கோடு ஒன்று வருபவை மட்டும்தான் தேவை. 2588 வரை அப்படி இருபது எண்தான், அதில் முதன்மை எண்கள் 257, 641, 769, 1153, 1409. 257 வராது. மிச்சம் நாலு வகுத்தல்.

641ஆல் வகுத்தால் மீதி 44.
769ஆல் மீதி 120.
1153ஆல் மீதி 334.
1409ஆல் மீதி 622.

ஒன்றும் வகுக்கவில்லை. முதன்மை எண். அண்ணை, நாலு நீள்வகுத்தல், தேத்தண்ணி ஆறுவதற்குள் செய்துவிடலாம்.

ஆக முழுப் பட்டியல்: 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417. ஏழு வெவ்வேறு முதன்மை எண்கள். ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம், ஆகவே 2இன் ஏழாம் வலு, 128 காரணிகள். 65537 முதன்மை எண் என்பதையும் இதே வழியில் காட்டலாம். அதன் காரணிகள் 64இன் மடங்கோடு ஒன்றாக இருக்க வேண்டும், வர்க்கமூலம் 256. அதற்குள் 193 மட்டும்தான் முதன்மை எண், அது வகுக்காது. ஒரே ஒரு வகுத்தல்.

18 பெப்ரவரி

கணக்குப் போதும், நெல்லைப் பற்றிப் பேசு என்று இரண்டு பேர். சரி.

ஆயிரம் நெல் ஏறத்தாழ 25 கிராம் என்று வைக்கிறேன், அதாவது ஒரு மணி 25 மில்லிகிராம். 65 கிலோ மூடைக்குள் 26 இலட்சம் நெல். 21ஆம் கட்டம் முடியும்போது மொத்தம் 2097151 மணி, மூடை நிரம்பவில்லை. 22ஆம் கட்டத்தில் முதல் மூடை நிரம்பிவிடும். பலகையில் மூன்றில் ஒரு பங்கு தாண்டியும் ஒரு மூடைதான். அந்த அரசன் இதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்திருப்பான்.

முழுப் பலகைக்கும் ஏறத்தாழ 46,000 கோடி தொன். உலகம் முழுவதும் ஒரு ஆண்டில் விளைகிற நெல் இப்போது ஏறத்தாழ 80 கோடி தொன். ஐந்நூறு ஆண்டுக்கு மேல் உலகமே நெல் விதைத்து ஒரு பிடியும் உண்ணாமல் சேர்க்க வேண்டும்.

கிளிநொச்சி இரணைமடுக் குளத்துக்குள் கொட்டினால்? ஒரு கன மீற்றருக்குள் 570 கிலோ நெல் பிடிக்கும் என்றும் குளம் 15 கோடி கன மீற்றர் கொள்ளும் என்றும் எடுத்துக்கொள்வோம். 51ஆம் கட்டம் முடிய குளத்தில் மூன்றில் இரண்டு பங்கு நெல். 52ஆம் கட்டத்தில் வான் பாயும். அப்புறமும் 12 கட்டம் மிச்சம், ஒவ்வொன்றும் முன்னால் வந்த எல்லாவற்றையும் விட ஒரு மணி கூட. மொத்தத்துக்கு ஐயாயிரத்துச் சொச்சம் இரணைமடு வேண்டும்.

18 பெப்ரவரி, கொஞ்ச நேரத்தில்

குளத்தை விட்டுவிட்டு நிலத்தில் பரப்பினால் என்ன என்று யோசித்தேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நாலு மாவட்டமும் சேர்ந்து ஏறத்தாழ 7,850 சதுர கிலோமீற்றர். காடு, களப்பு, றோட்டு ஒன்றும் விடாமல் பரப்பினால் நெல் 100 மீற்றர் உயரத்துக்கு நிற்கும். பனை வட்டுக்கூடத் தெரியாது. ஏ-9 றோட்டு எங்கே போனது என்று தேட வேண்டியதுதான்.

19 பெப்ரவரி

நெல்லின் நிறையில் பிடித்துக்கொண்டார்கள். "25 மில்லிகிராம் நாட்டரிசி நெல்லுக்குச் சரி. கீரிச்சம்பாவுக்கு?" எழுதியவர் கமக்காரர் என்று தெரிகிறது. கீரிச்சம்பா சின்ன மணி, 15 மில்லிகிராம் என்று வைப்போம். மொத்தம் 27,000 கோடி தொன்னுக்கு மேல் வருகிறது. நிறை ஐந்தில் மூன்று பங்காகக் குறைந்துவிட்டது, பெரிய மாற்றம்தான். ஆனால் இரணைமடு நிரம்புவது 52ஆம் கட்டத்திலிருந்து 53ஆம் கட்டத்துக்கு மாறுகிறது, அவ்வளவே. இனம், ஈரப்பதன், பதர் எதைப் பற்றிச் சண்டை பிடித்தாலும் ஒரு கட்டம் முன்பின் ஆகும். இரட்டிப்புக் கணக்கில் ஆரம்ப அளவு பிழைத்தாலும் விடை பெரிதாக அசையாது. விலை பேசும்போதுதான் கீரிச்சம்பா முக்கியம்.

25 பெப்ரவரி

கதையின் ஊர் எது என்ற விவாதம் வேறு ஓடுகிறது. எழுத்தில் பிரபலமான வடிவம் இபுனு கல்லிகான் என்ற அறிஞர் 1256இல் எழுதியது, அதில் கேட்டவன் சிஸ்ஸா என்ற இந்தியன், தானியம் கோதுமை. ஆனால் எண் அதற்கு முன்பே வந்துவிட்டது. ஆயிரமாம் ஆண்டளவில் அல்பிரூனி என்ற அறிஞர் இதே 18446744073709551615ஐ இலக்கம் பிசகாமல் எழுதியிருக்கிறார். அவரும் வர்க்கத்தின் மேல் வர்க்கம் எடுத்துத்தான் போனார். கேரளத்து அம்பலப்புழைக் கோயிலில் கண்ணன் முனிவர் வேடத்தில் வந்து அரசனோடு சதுரங்கம் ஆடி அரிசி கேட்டதாகக் கதை, கடனை அடைக்கத்தான் இன்றைக்கும் அங்கே பாற்பாயசம் கொடுக்கிறார்களாம். எனக்கு இந்த வடிவம்தான் பிடிக்கும். கேட்டவனின் தலையை அரசன் வெட்டுகிற முடிவை விடப் பாயசம் எவ்வளவோ மேல்.

2 மார்ச்

கிளிநொச்சியில் படிப்பிக்கிற ஒருவர் நல்ல தொடர்பு ஒன்றைக் கிளறிவிட்டார். கவராயமும் நேர்விளிம்பும் மட்டும் வைத்து எந்த ஒழுங்கான பல்கோணிகளை வரையலாம்? 1796இல் கவுஸ் என்ற ஜெர்மன் கணித மேதை 17 பக்கத்தை வரையலாம் என்று காட்டினார், அப்போது அவருக்கு 19 வயதும் ஆகவில்லை. பக்க எண்ணிக்கை ஒற்றையாக இருந்தால் அது வெவ்வேறு பெர்மா முதன்மை எண்களின் பெருக்கமாக இருக்க வேண்டும். நமக்குத் தெரிந்த பெர்மா முதன்மை எண்கள் அந்த ஐந்துதான், ஆகவே 31 பல்கோணி. மிகப் பெரியது 4294967295 பக்கம். நம்முடைய எண்ணின் சின்னப் பாதி அது.

65537 பக்கத்துக்கு ஹெர்மெஸ் என்ற ஜெர்மன் ஆசிரியர் பத்தாண்டு உழைத்து 1894இல் செய்முறை எழுதி முடித்தார். கையெழுத்துப் பிரதி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. யாரும் முழுதாக வாசித்திருப்பார்களா என்பது வேறு கதை.

பஸ்கால் முக்கோணியில் (ஓரங்களில் 1, உள்ளே ஒவ்வொரு எண்ணும் தனக்கு மேலுள்ள இரண்டின் கூட்டு) ஒற்றை எண்ணுக்கு 1, இரட்டை எண்ணுக்கு 0 என்று எழுதி ஒவ்வொரு வரியையும் துவித எண்ணாக, அதாவது 0, 1 மட்டும் கொண்ட எண்ணாக, வாசித்தால் 1, 3, 5, 15, 17, 51, 85, 255 என்று வரும். முதல் 32 வரியில் அந்த 31 பல்கோணியும் அப்படியே இருக்கும், முன்னால் உள்ள 1 மட்டும் மிச்சம். 64ஆம் வரியில் எல்லாமே ஒற்றை எண்கள், ஆகவே 64 ஒன்று. அதுதான் 18446744073709551615. பிள்ளைகளுக்கு ஒரு பின்னேரம் முழுக்கக் கட்டத்தாளில் நிறம் தீட்டக் கொடுக்கலாம்.

3 மார்ச்

சும்மா இருக்க முடியாமல் 1ஐ 641ஆல் வகுத்துக்கொண்டே போனேன். 0.00156006240249609984399375975039 வந்த பிறகு மறுபடி 00156 என்று தொடங்குகிறது. 32 இலக்கச் சுற்று. முதல் 16ஐயும் பின் 16ஐயும் கீழே கீழே எழுதிக் கூட்டினால் எல்லா இடத்திலும் 9. காரணம், 10இன் 16ஆம் வலுவோடு ஒன்று கூட்டினாலும் 641 வகுக்கிறது. அதன் முழுக் காரணிகள் 353 × 449 × 641 × 1409 × 69857. மேலே சோதித்துத் தள்ளிய 449உம் 1409உம் இங்கே வந்து குந்தியிருக்கின்றன.

10 மார்ச்

"கணினியில் இதுதான் மிகப் பெரிய எண்" என்று ஒரு பதிவு. 64 பிட் இடத்தில், அதாவது 0 அல்லது 1 எழுதுகிற 64 கட்டத்தில், கூட்டல் கழித்தல் குறியில்லாமல் எழுதக்கூடியதில் பெரியது, அவ்வளவுதான். ஒன்றைக் கூட்டினால் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். அதே 64 ஒன்றுகளைக் குறியுள்ள எண் என்று வாசித்தால் அது −1. கோடி கோடியும் கழித்தல் ஒன்றும் ஒரே எழுத்து. விநாடிக்கு நூறு கோடி தரம் எண்ணுகிற இயந்திரத்தை ஒன்றிலிருந்து ஓடவிட்டால் இங்கே வந்து சேர 584 ஆண்டு ஆகும்.

மேலே வந்த அதே லூக்கா 1883இல் ஹனோய் கோபுரம் என்ற விளையாட்டை விற்பனைக்கு விட்டார். மூன்று கம்பில், பெரிய வட்டைச் சின்னதன் மேல் வைக்காமல், அடுக்கை ஒவ்வொரு வட்டாக வேறு கம்புக்கு மாற்ற வேண்டும். 64 வட்டு உள்ள கதையையும் அதோடு சேர்த்தார்கள். நகர்த்த வேண்டிய தரம் இதே எண். விநாடிக்கு ஒன்று என்றால் 58,000 கோடி ஆண்டுக்கு மேல். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி.

20 மார்ச்

மாங்குளத்து வாசகரின் மகள் கேட்டிருக்கிறாள், பலகையில் 128 கட்டம் இருந்தால் என்ன என்று. நல்ல கேள்வி பிள்ளை. பழைய ஏழு காரணியும் அப்படியே இருக்கும். கூட அடுத்த பெர்மா எண், 2இன் 64ஆம் வலு கூட்டல் ஒன்று, வந்து சேரும். அதை 1880இல் லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர் 82 வயதில் உடைத்தார்: 274177 × 67280421310721. 274177இல் ஒன்று குறைத்தால் 256 × 1071. லூக்காவின் விதி இங்கேயும் நிற்கிறது, 128க்குப் பதில் 256. கையால் போனால் நூற்றுக்கணக்கான வகுத்தல், ஆனால் ஏலாதது இல்லை.

அதே காலத்தில் ரஷ்யாவில் பெர்வூஷின் என்ற கிராமத்துப் பாதிரியார் 1883இல் 2இன் 61ஆம் வலுவில் ஒன்று குறைய வருவது முதன்மை எண் என்று காட்டினார். 19 இலக்கம், நம்முடையதற்கு மூன்று படி கீழே. பூசை நேரம் போகத்தான் இதெல்லாம் செய்திருப்பார். இன்னும் இரண்டு படி ஏறி 63க்கு வந்தால் மறுபடி சிதறிவிடும்: 7 × 7 × 73 × 127 × 337 × 92737 × 649657. அங்கே 7 இரண்டு தரம் வருகிறது, நம்முடையதில் எதுவும் இரண்டு தரம் வரவில்லை.

256 கட்டப் பலகைக்கு அடுத்த பெர்மா எண் வேண்டும், 39 இலக்கம். அது 1970 வரைக்கும் உடையவில்லை, மொரிசனும் பிரில்ஹார்ட்டும் கணினி வைத்துத்தான் உடைத்தார்கள்: 59649589127497217 × 5704689200685129054721. ஆகவே மல்லாவி அண்ணை, "நெற்றைத் தள்ளி வைத்துவிட்டுக் காட்டும்" என்று இதற்கும் எழுத வேண்டாம்.